விதைத்தவரும் அறுத்தவரும்

ஆங்கிலத்தில் ஒரு சொற்றொடர் உண்டு: ‘பிராக்டிகல் இம்ப்ளிகேஷன்ஸ்.’ அரசாங்க அறிக்கை, பல்கலைக்கழக ஆய்வேடு, கம்பெனி நிர்வாகிகளின் கூட்டம், எதை எடுத்தாலும் அதில் இது இருக்கும். முதலில் இருக்காது, கடைசியில் இருக்கும். கொள்கையை விளக்கி, கணக்கைச் சொல்லி, படங்களைக் காட்டி, எல்லாம் முடிந்து காப்பி வருகிற சமயத்தில் யாராவது ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எல்லாம் சரி, இதன் பிராக்டிகல் இம்ப்ளிகேஷன்ஸ் என்ன?” என்று கேட்பார். கேட்டவருக்குப் புத்திசாலி என்ற பெயர் கிடைக்கும். பதில் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

சொல்லின் பொருளில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஒரு முடிவோ, சட்டமோ, கண்டுபிடிப்போ காகிதத்தை விட்டு இறங்கி வீதிக்கு வரும்போது உண்மையில் என்ன நடக்கும் என்பதே பொருள். குழந்தைகளுக்குக் காலை வேளையில் கவனம் அதிகம் என்று ஓர் ஆசிரியர் ஆராய்ந்து கண்டால், அது முடிவு. ஆகவே கணக்குப் பாடத்தை முதல் மணிக்கு மாற்றவேண்டும் என்றால், அது அந்த முடிவின் பிராக்டிகல் இம்ப்ளிகேஷன். இந்த அளவோடு நின்றால் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் சொல்லின் வேரைச் சற்றுத் தோண்டிப் பார்ப்பது நல்லது. இம்ப்ளிகேஷன் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. உள்ளே மடித்து வைத்தல் என்பது அதன் மூலப் பொருள். ஜவுளிக் கடையில் புடவையை மடித்து அடுக்கியிருக்கிறார்கள். மேலே தெரிவது முந்தானையில் ஒரு சாண். உள்ளே எங்கேயாவது இழை விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அனுபவமுள்ள பெண்மணிகள் விலை பேசுவதற்கு முன்பே பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுகிறார்கள். நாட்டை நடத்துகிறவர்களோ பில் போட்டு, பணம் கட்டி, வீட்டுக்கு வந்த பிறகே மடிப்பைப் பிரிக்கிறார்கள். அந்தப் புடவையை உடுத்தப் போகிறவர் வேறொருவர் என்பதுதான் இதற்குக் காரணமோ என்று சில சமயம் சந்தேகம் தோன்றுகிறது.

இதைத் தமிழில் ‘நடைமுறை விளைவுகள்’ என்று பெயர்க்கிறார்கள். சரியான பெயர்ப்புத்தான். ஆனால் பெயர்த்த உடனேயே, ஆங்கிலத்தில் கண்ணுக்குப் படாத ஓர் ஓட்டை தமிழில் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. நடைமுறை விளைவு என்றால், நடைமுறையில் இல்லாத விளைவு என்று ஒன்று இருக்கிறதா? விளைவு என்பது விளைவதிலிருந்து வந்த சொல். நெல் விளைகிறது. கடலோரத்து மக்கள் உப்பும் விளைகிறது என்றுதான் சொல்வார்கள். எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களில் பாத்தி கட்டி, கடல்நீரைப் பாய்ச்சி, வெயிலைக் காத்திருந்து விளைவித்த உப்பு ஒரு காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறிப் பட்டணத்துக்கு வந்தது. விளைந்தது எதுவாயினும் கையால் அள்ளக்கூடியது, நாவால் கரிக்கக்கூடியது. ஏட்டில் விளைந்த நெல்லை உலையில் இட்டவர் எவரும் இல்லை. ஏட்டுச் சுரைக்காயைப் பற்றி நம் பாட்டிமார்களுக்கே நன்றாகத் தெரியும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குச் சமமாக வழங்கும் ‘கான்ஸிக்வென்ஸ்’ என்ற சொல்லுக்குப் பின்தொடர்ந்து வருவது என்று வேர்ப்பொருள். நிழல் ஆளைத் தொடர்வதுபோல அது தானாக வருகிறது. யாரும் அழைக்கவில்லை, யாரும் பொறுப்பில்லை. மடிப்பும் அப்படித்தான். மடித்தது யார் என்பதைச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை. தமிழ்ச் சொல் அவ்வளவு சுலபமாக ஆளைத் தப்பவிடாது. விளைந்திருக்கிறது என்றால் விதைத்தவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும். தினை விதைத்தவன் தினை அறுப்பான், வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று அந்தக் கணக்கையும் பழமொழி தீர்த்து வைத்துவிட்டது.

அந்தப் பழமொழியைச் சொன்னவர் ஒன்றை மட்டும் எதிர்பார்க்கவில்லை. விதைப்பது ஓர் ஊர், அறுப்பது வேறோர் ஊர் என்று ஓர் ஏற்பாடு இந்த உலகத்தில் வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஏற்பாட்டைக் கண்ணால் காணவேண்டுமானால் வெகு தூரம் போகவேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் வடக்கு மதிலிலிருந்து ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை கடலோரமாக ஒருமுறை போய்வந்தால் போதும்.

ஆனால் கதை தொடங்குவது வடக்கே அல்ல, தெற்கே, மெரீனாவில்.

மெரீனாவில் மாலைக் காற்று வாங்காத சென்னைவாசி அபூர்வம். சாலையிலிருந்து இறங்கி அலையில் கால் நனைப்பதற்குள் சுண்டல் பொட்டலம் ஒன்று தீர்ந்துபோகும். சராசரி 300 மீட்டர் அகலம். இறைவன் கொடுத்த கொடை என்று நினைக்கிறோம். இறைவன் கொடுத்ததில் பெரும்பகுதி உண்மையில் துறைமுகம் கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே இந்த மணற்பரப்பு கிடையாது. அலைகள் கோட்டைக்கும் கடலோரச் சாலைக்கும் வெகு அருகில் வந்து மோதிக்கொண்டிருந்தன.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மரப்பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து போய் மனிதரையும் மூட்டைகளையும் கரை சேர்ப்பார்கள். படகு கவிழ்ந்தால் சரக்கும் போகும், உயிரும் போகும். ஆகவே துறைமுகம் ஒன்று வேண்டும் என்று வியாபாரிகள் கேட்டது நியாயமே. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து நினைவுக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டி அணைப்பதுபோலச் சுவர்களை எழுப்பினார்கள். 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றைப் பெரும்பாலும் உடைத்தெறிந்தது. விடாமல் மறுபடியும் கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிஸ் ஸ்பிரிங் துரை காலத்தில், கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள்.

கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் இந்தக் கரையில் மணல் நடக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆண்டொன்றுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படி யாத்திரை போகிறது. அந்த யாத்திரையின் குறுக்கே சுவர் எழும்பியதும் மணல் தெற்கே தங்கிவிட்டது. தங்கிய மணல் வளர்ந்து பரந்தது. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுவதற்குப் பாதை அமைத்து, மெரீனா என்று இத்தாலிய வாசனையோடு பெயரும் சூட்டினார்.

வடக்கே என்ன ஆயிற்று? கடல் எப்போதும்போல் அங்கிருந்து மணலை எடுத்துக்கொண்டுதான் போயிற்று. தெற்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மணல் மட்டும் வரவில்லை. வரவு நின்று, செலவு நிற்காத குடும்பத்தின் கதிதான். ராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் தின்னத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டில் பல நூறு மீட்டர் நிலம் போயிற்று. குப்பங்களில் முன்வரிசை வீடு போய், இரண்டாம் வரிசை முன்வரிசையாகி, அதுவும் போயிற்று. வலை உலர்த்த, கட்டுமரம் ஏற்ற, மீனை ஆற்ற மணல் இல்லாமல் போயிற்று. லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றினார்கள். பிறகு தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். கட்டிய இடத்தில் கொஞ்சம் மணல் சேர்ந்தது. சேர்ந்த அளவுக்கு அதற்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. மெரீனாவில் குழந்தைகள் கோபுரம் கட்டி விளையாடுகிற மணல் திருவொற்றியூருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்.

இப்போது நம் சொற்றொடருக்கு வருவோம். வட சென்னைக் கரை அழிந்தது சென்னைத் துறைமுகத்தின் ‘பிராக்டிகல் இம்ப்ளிகேஷன்.’ இந்த வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் இதைப் படித்தவர் யாருக்கும் மனம் துணுக்குறாது. ‘நாம் துறைமுகம் கட்டியதனால் குப்பத்து மக்களின் வீடுகள் கடலில் போயின’ என்று எழுதிப் பாருங்கள். விஷயம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் கட்டியவர் இருக்கிறார், இழந்தவர் இருக்கிறார். இருவரும் ஒரே வாக்கியத்தில் நிற்கும்போது, ஒருவருக்கொருவர் ஏதோ பாக்கி இருப்பது தெரிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. தமிழிலும் இப்படி ஒளிந்துகொள்ள வசதியான சொற்கள் இருக்கின்றன. ‘கடல் அரிப்பு’ என்கிறோம், ‘கடல் சீற்றம்’ என்கிறோம். அரித்தது கடல், சீறியது கடல். மனிதருக்கு அதில் சம்பந்தம் இல்லை. மாத்திரைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் காகிதத்தில் ‘பக்க விளைவு’ என்று போட்டிருக்கிறது. சர்க்கார் கடிதங்களில் ‘பின்விளைவு’ என்று எழுதுகிறார்கள். விளைச்சலை வயலின் நடுவிலிருந்து தூக்கி, ஓரத்துக்கும் கொல்லைப்புறத்துக்கும் தள்ளுகிற சொற்கள் இவை. வயிற்றெரிச்சல் வந்தவனுக்கு அது பக்கத்தில் வரவில்லை. நடு வயிற்றில்தான் வந்தது.

வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். துறைமுகத்தைக் கட்டியவர்கள் குப்பங்களை அழிக்கவேண்டும் என்று நினைத்தா கட்டினார்கள்? கெட்ட எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் எப்படி வரும்?

நல்ல கேள்வி, பழைய கேள்வியும்கூட. செயலின் தகுதி எண்ணத்தில் இருக்கிறதா, பலனில் இருக்கிறதா என்று மேல்நாட்டுத் தத்துவ ஞானிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் கான்ட் ஒரு பக்கம். இங்கிலாந்தின் பெந்தாமும் மில்லும் மறுபக்கம். நம்மவர்களில் சிலர் அந்த வாதத்துக்கே போவதில்லை. கீதை இருக்கிறது, பலனைப் பாராமல் கடமையைச் செய் என்று கண்ணனே சொல்லிவிட்டான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கண்ணன் சொன்னது அதுவா? பலனில் ஆசை வைக்காதே என்பது வேறு; பலன் என்ன ஆகும் என்று பார்க்காதே என்பது வேறு. முதலாவது துறவு, இரண்டாவது அலட்சியம். எனக்குக் கிடைக்கும் பலனை நான் துறக்கலாம். இன்னொருவர் தலையில் விழப்போகும் பலனைத் துறக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

வள்ளுவர் இதில் ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை. தெரிந்து செயல்வகை என்ற அதிகாரத்தின் முதற் குறளில் மூன்றை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்: அழியப்போவது, ஆகப்போவது, ஆனபின் தொடர்ந்து வரும் ஊதியம். வரிசையைக் கவனிக்கவேண்டும். அழிவைத்தான் முதலில் வைத்திருக்கிறார். நம்முடைய திட்ட அறிக்கைகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. ஊதியம் முதல் அத்தியாயத்தில், ஆவது நடு அத்தியாயங்களில், அழிவது கடைசியில், பிற்சேர்க்கையாக.

1875-இல் இருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மணல் எப்படி நடக்கிறது என்பது சில பத்தாண்டுகளில் தெரிந்துவிட்டது. ஸ்பிரிங் துரையே சென்னைக் கடலோர மணலின் போக்கைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தெரியாத காலத்தில் நடந்ததைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். தெரிந்த நாளிலிருந்து அதற்கு வேறு பெயர்: கடன். என் தென்னை மரம் புயலில் சாய்ந்து பக்கத்து வீட்டு ஓடு உடைந்தால் அது துரதிர்ஷ்டம். மரம் சாயப்போகிறது என்று தெரிந்தும் இளநீருக்காக விட்டு வைத்திருந்தேன் என்றால் அது நான் தரவேண்டிய கடன். மரத்தை வெட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் ஓட்டுக்குப் பணம் தரவேண்டும், அதுவும் முன்கூட்டியே பேசி முடித்து. என் அபிப்பிராயத்தில் இந்தச் சொற்றொடர் செய்கிற தீமை இதுதான். கடனைத் துரதிர்ஷ்டம்போல் தோன்றச் செய்துவிடுகிறது.

மடிப்பை முன்கூட்டியே பிரித்துப் பார்க்கவேண்டும் என்று உலகம் சட்டம் போட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1970-ஆம் ஆண்டின் முதல் நாளில் அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. பெரிய காரியம் எதையும் தொடங்குமுன் சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகும் என்று எழுதி வைக்கவேண்டும் என்றது அது. நம் நாட்டில் 1984-இல் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்ட பிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994-இலும் பிறகு 2006-இலும் வந்த அறிவிக்கைகள், ஆலையோ துறைமுகமோ கட்டுமுன் தாக்கத்தை மதிப்பிடவேண்டும், அந்தப் பகுதி மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும் என்றன.

எண்ணம் உயர்ந்தது. செயலில் ஒரு சிறு சங்கடம். அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். உள்ளூர் மொழியில் தரவேண்டும் என்று விதி சொல்வது அதன் சுருக்கத்தை மட்டும். காட்டுக்குப்பத்து மீனவர் தம் கழிமுகத்துக்கு என்ன ஆகப்போகிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளலாம்; விரிவாக அனுபவிக்கலாம். 2020 மார்ச்சில் இந்த விதிகளையே மாற்றி எழுதப் புதிய வரைவு ஒன்று வந்தபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் அதை வெளியிடவேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30-இல் உத்தரவிடவேண்டியிருந்தது. விளைவை அறுக்கப்போகிறவனுக்கு அவன் மொழியில் சொல்லவேண்டும் என்பதற்கே ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

சட்டம் இருக்கிற காலத்திலேயே எண்ணூரில் நடந்தவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

2017 ஜனவரி 28 விடியற்காலை எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. வெளியே போன எரிவாயுக் கப்பலின் பெயர் பி. டபிள்யூ. மேப்பிள், எண்ணெயோடு உள்ளே வந்ததன் பெயர் டான் காஞ்சிபுரம். சுற்றுச்சூழலுக்குச் சேதம் இல்லை என்பது துறைமுகத்திலிருந்து வந்த முதல் அறிவிப்பு. அந்த அறிவிப்பின் ஈரம் காய்வதற்குள் எர்ணாவூர்க் கரையில் தார்போல எண்ணெய் வந்து ஒட்டியது. கடலோரக் காவல் படையினரும் மாணவர்களும் மீனவர்களும் நின்று வாளி வாளியாக அதை மொண்டார்கள். அள்ளிய கசடு நூறு டன்னைத் தாண்டியது. பல நாட்கள் பட்டணத்தில் மீன் வாங்க ஆள் இல்லை. எண்ணெய் படாத கடலில் பிடித்த மீனும் விலைபோகவில்லை. மீன்காரப் பெண்ணின் கூடையில் அன்று மாலை மிஞ்சிய மீன் எந்த அறிக்கையின் எந்த அட்டவணையில் ஏறியது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலியின் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டம்வரை கறுப்புக் கோடு. வலை கறுத்தது, படகு கறுத்தது, அலையாத்திச் செடிகளின் வேர் கறுத்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகைச் சீர்செய்ய 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முகத்துவாரத்தின் சேற்றில் இடுப்பளவு நீரில் நின்று, கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அவர்களுடைய கருவி அவர்கள் கைதான். கை கறுத்ததற்கு எந்தக் கணக்கில் பணம் எழுதுவது?

அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிய நேரம். சுனாமி வந்து பத்தொன்பது ஆண்டு நிறைந்த அதே நாள். கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பத்துக்குள் புகுந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சுத் திணறி, கண் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் சாலையில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதன் பிறகு அந்தச் சுற்றுவட்டாரக் குப்பத்து மக்கள் மாதக் கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்து போராடினார்கள். உயிர் பிழைத்தவர்கள் எதற்காகப் போராடவேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. அன்று இரவு அவர்களிடமிருந்து போனது மூச்சு அல்ல, தூக்கம். ஒவ்வோர் இரவும் படுக்கும்போது காற்றை மோந்து பார்த்துவிட்டுப் படுக்கவேண்டும் என்பதும் ஒரு விளைவுதான். அதை அளக்கும் தராசு இன்னும் செய்யப்படவில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. விளக்கு எரிய மின்சாரம் வேண்டும். அடுப்பு எரிய வாயு வேண்டும். பயிருக்கு உரம் வேண்டும். எண்ணூரின் முதல் அனல் மின்நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் நின்றது. அந்த ஆண்டுகளில் அதன் மின்சாரத்தில் மயிலாப்பூரில் மின்விசிறி சுழன்றிருக்கிறது, மாம்பலத்தில் பரீட்சைக்குப் படித்திருக்கிறார்கள். வடக்கே 1994-இல் வேலை தொடங்கிய இன்னொரு நிலையத்தின் சாம்பல், குழாய்களில் உடைப்பு ஏற்பட்டபோதெல்லாம் கொசஸ்தலை ஆற்றில் கலந்து படிந்தது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் துறைமுகக் கூலியாலும் ஆலைக் கூலியாலும் சோறு தின்ற குடும்பங்கள் ஆயிரமாயிரம். எதையும் கட்டாதே என்று சொல்கிறவன் இருட்டில் உட்கார்ந்துதான் அதைச் சொல்லவேண்டும்.

ஆகவே கட்டலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. துறைமுகத்தின் விளைவு 1875-லேயே முழுவதும் தெரிந்திருந்தாலும் அதைக் கட்டித்தான் இருப்பார்கள். அப்படியானால் தெரிந்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். பயன் இருக்கிறது. தெரிந்திருந்தால், இழக்கப்போகிறவனை முதலில் கேட்டிருக்கவேண்டும். அவன் மறுத்தால் மறுப்புக்குப் பதில் சொல்லியிருக்கவேண்டும். மணலை வடக்கே அள்ளிப் போடும் செலவைத் துறைமுகத்தின் வருமானத்தில் முதற்செலவாக எழுதியிருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெற்கே காற்று வாங்குகிறவனுக்கு வடக்கே ஒரு கடன் இருப்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்திருக்கும். கடனைத் தீர்க்காத சமூகங்கள் உண்டு. ஆனால் கடன் இருப்பதே தெரியாத சமூகத்துக்கு அதைத் தீர்க்கும் நாள் வரவே வராது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த விவகாரத்தில் என்ன அக்கறை என்று தோன்றலாம். அக்கறை தொழில் சம்பந்தமானது. ‘நடைமுறை விளைவுகள்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாவலில் ஒரு பாரா கூட நகர்த்த முடியாது. நாவலில் ஒரு காரியம் நடந்தால் அது யாருக்காவது நடக்கவேண்டும். அவளுக்கு ஒரு பெயர் இருக்கவேண்டும், ஒரு தெரு இருக்கவேண்டும், அப்போது அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது என்பதும் எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ‘அவர் கையெழுத்திட்டதன் விளைவாகச் சில பாதிப்புகள் ஏற்பட்டன’ என்று ஓர் ஆசிரியன் எழுதினால் வாசகர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். கற்பனைக் கதையில் நாம் பொறுக்காத வாக்கியத்தை, உண்மை மனிதர்களைப் பற்றிய அறிக்கையில் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

அதனால் ஒரு சின்ன யோசனை. இதற்குச் சட்டத் திருத்தம் ஒன்றும் வேண்டாம். இந்தச் சொற்றொடர் எங்கே எதிர்ப்பட்டாலும், அதை எழுதினவரிடம் ஒரு முழு வாக்கியம் கேட்போம். எழுவாய் வேண்டும், செயப்படுபொருள் வேண்டும், ஊர்ப் பெயர் வேண்டும். ‘நீர்வாழ் உயிரினங்களின் மீது குறிப்பிடத்தக்க தாக்கம் இல்லை’ என்று முடிக்காமல், ‘நாங்கள் இந்தக் குழாயைப் போடுவதனால், முகத்துவாரத்தில் இறால் தடவுகிற இன்ன குப்பத்துப் பெண்ணுக்கு இத்தனை மாதம் பிழைப்பு இருக்காது, அதற்கு நாங்கள் இன்னது செய்வோம்’ என்று எழுதட்டும். பிறகு அதைத் தமிழில் அச்சிட்டு, அந்தப் பெண்ணின் எதிரே நின்று உரக்கப் படிக்கட்டும். படிக்க நா எழவில்லை என்றால், அந்தத் திட்டத்தைப் பற்றி மறுபடியும் ஒருமுறை யோசிக்கலாம். படித்து முடித்தால் அவள் பதில் சொல்வாள். அதையும் உட்கார்ந்து கேட்கவேண்டும்.